மீளத் தெரிந்த முகம்

ரோமாபுரியின் குளியல் மண்டபமொன்றில், தொழிலில் மனமுடைந்து, காதில் விழும் இரைச்சலிலிருந்து தப்புவதற்காக நீருக்குள் அமிழ்ந்த ஒரு கட்டடக் கலைஞன், அடியிலிருந்த நீர்த்தூம்பினால் இழுக்கப்பட்டு, மூச்சுத் திணறி மேலெழுந்து கண்ணைத் திறந்தால், எதிரே ஜப்பானியக் கிழவர்கள் சிலர் கழுத்தளவு வெந்நீரில் சுகமாக அமர்ந்திருக்கிறார்கள். அவன் கடந்து வந்தது ஒரு நீர்க்குழாயை மட்டுமல்ல, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளையும்தான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இவர்கள் முகம் தட்டையான ஏதோ ஓர் இனத்தார், அடிமைகளாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளும் அவன், குளித்து முடித்தபின் தன் கைக்கு வந்த கண்ணாடிப் புட்டியிலிருந்து குளிர்ந்த பழப்பாலை ஒரு வாய் பருகுகிறான். கண்கள் விரிகின்றன. உலகை ஆளும் ரோம சாம்ராஜ்யத்தில் இல்லாத ஒன்று இந்தத் தட்டை முகத்தாரிடம் இருக்கிறது என்ற எண்ணம் அவன் நெஞ்சில் ஈட்டிபோல் இறங்குவதை அந்த முகத்தில் ஒவ்வொரு படியாக நாம் காண்கிறோம். கொட்டகையில் இருக்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அந்த நடிகரின் முகத்திலோ விளையாட்டு என்பது மருந்துக்கும் இல்லை.

2012ஆம் ஆண்டு ஹிதேகி டகேயுச்சி இயக்கிய ‘தெர்மே ரோமே’ என்ற ஜப்பானியத் திரைப்படத்தின் காட்சி இது. மாரி யமசாகி என்ற பெண்மணி எழுதி வரைந்த சித்திரத் தொடர்கதையே அதன் மூலம். அதே ஆண்டின் தொடக்கத்தில் அக்கதை அனிமே என்று உலகெங்கும் வழங்கும் ஜப்பானிய அசைவுச் சித்திரமாகவும் தொலைக்காட்சியில் வந்தது. ஹாட்ரியன் சக்கரவர்த்தியின் காலத்து ரோமாபுரியைக் காட்டுவதற்காகப் படக்குழு இத்தாலிக்கே சென்று, புகழ்பெற்ற சினசித்தா படநிலையத்தில், ‘ரோம்’ என்ற தொலைக்காட்சித் தொடருக்காக எழுப்பப்பட்டிருந்த பிரம்மாண்டமான அரங்கங்களில் படம் பிடித்தது. ஆயினும் அந்தப் படத்தை நிலைநிறுத்தியது அரங்கமன்று. லூசியஸ் என்ற அந்தக் கட்டடக் கலைஞனாக நடித்த ஹிரோஷி அபே என்பவரின் முகமே என்பது என் உறுதியான எண்ணம். சித்திரத்தில் பிறந்த பாத்திரத்துக்கு உடலும் உயிரும் கொடுக்க நினைக்கிற தயாரிப்பாளர்கள் அழகனைத் தேடுகிறார்கள், சண்டைக்காரனைத் தேடுகிறார்கள், கணினி வித்தைக்காரர்களைத் தேடுகிறார்கள். அவர்கள் முதலில் தேட வேண்டியது தேர்ந்த ஹாஸ்ய நடிகரை என்று நான் சொல்லுவதற்கு இந்த முகமே முதற் சான்று.

அனிமேயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அண்மைக் காலமாய்த் தமிழ்க் குரலிலும் அவை வருவதால் நம் வீட்டுப் பிள்ளைகளே இதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுவார்கள். வாள் உருவி நின்று, பகைவனை நோக்கி, உயிரையும் கொடுக்கத் துணிந்தவனாய்ப் பேசிக்கொண்டிருக்கும் வீரன், தோழி ஒருத்தி ஒரு சொல் சொன்ன மாத்திரத்தில், இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாகச் சுருங்கிப்போன பொம்மை முகத்தோடு, நெற்றியோரம் பெரிய வேர்வைத் துளியொன்று வழிய, அசடனாய் நிற்பான். அடுத்த நொடியிலேயே பழைய கம்பீரத்துக்கு மீண்டுவிடுவான். வரைகிறவருக்கு இது பேனா முனையின் வேலை. ஒரு சட்டத்தில் வீரன், மறு சட்டத்தில் அசடன், மூன்றாம் சட்டத்தில் மீண்டும் வீரன் என்று வரைந்துவிட்டால் பார்ப்பவர் மனமும் மறுப்பின்றிப் பின்தொடர்கிறது. எலும்பும் தசையுமான மனிதருக்கோ அந்தச் சலுகை இல்லை. அவர் முகம் ஒரே முகம்; அதை அவர் மூச்சினாலும், பார்வையின் நிலைப்பினாலும், ஒரு சொல்லை அரை நொடி தாமதித்துச் சொல்லும் நுட்பத்தினாலும்தான் மாற்றியாக வேண்டும். அசட்டுத்தனத்துக்குள் போவதை யாரும் செய்துவிடலாம். போனவர் மீண்டு வருவதும், மீண்டபின் அவரைப் பார்ப்பவர்கள் பழையபடி மதிப்பதும்தான் அரிது. அந்த மீட்சியைப் பல்லாண்டுகள் பயின்றவர் ஹாஸ்ய நடிகர் ஒருவரே. எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அதற்கு உரைகாரர்கள் சொல்லும் காரணங்கள் எவையாயினும், நடிப்பென்னும் கலைக்கு அந்த வரிசை மிகப் பொருத்தமென்றே எனக்குப் படுகிறது.

ஹிரோஷி அபேயின் வாழ்க்கையை ஓரளவு விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சித்திரக் கதை அவருடைய தொழில் வாழ்க்கையில் இருமுறை முக்கியமாய் வந்து நின்றிருக்கிறது. 1964ஆம் ஆண்டு யோகோஹாமாவில் பிறந்து, சூவோ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்த அவர், 189 சென்டிமீட்டர் உயரமும் செதுக்கினாற்போன்ற முகவெட்டும் வாய்த்தவராதலின், மாணவப் பருவத்திலேயே ஆடவர் நாகரிகப் பத்திரிகையொன்றின் அட்டைப் படங்களை அலங்கரிக்கலானார். 1987இல் அவர் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம், ‘ஹைகாரா-சான் கா தோரு’ என்ற புகழ்பெற்ற சித்திரத் தொடரின் திரைவடிவம். அந்தக் கதை 1978லேயே அனிமேயாகவும் வந்து ஜப்பானியச் சிறுமியர் உள்ளங்களில் குடிகொண்டிருந்தது. அதில் அவர் ஏற்றது கதாநாயகியின் உள்ளத்தைக் கவரும் இராணுவ இளைஞன் வேடம். முகம் பொருந்தியது, உயரம் பொருந்தியது, சீருடையும் பொருந்தியது. எல்லாம் பொருந்தியும் என்ன? அந்தப் படத்துக்குப்பின் அழகன் வேடங்களே அவரைத் தேடி வந்தன. அவற்றில் நடிப்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை. நாளடைவில் அவையும் குறைந்து, வேலையில்லாத காலம் வந்தது. நிற்கும்போது உடன் நடிக்கும் பெண்மணியோடு ஒரே சட்டத்தில் அடங்காத உயரம்கூட அப்பொழுது அவருக்குக் குறையாய்ப் போயிற்று.

அந்தத் தாழ்விலிருந்து அவரைத் தூக்கி நிறுத்தியது அழகன்று. அழகைத் துணிந்து கைவிட்டதே. 1993இல் கோஹெய் ட்சுகா என்ற நாடகாசிரியரின் மேடையில், ஆண் பெண் இருபாலாரையும் விரும்பும் ஒரு துப்பறிவாளராக, அதுவரை தன்னைப் பற்றி உலகம் கொண்டிருந்த பிம்பத்தையெல்லாம் சுக்குநூறாக்கி அவர் நடித்தார். பிறகு 2000ஆம் ஆண்டு தொடங்கிய ‘டிரிக்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் ஜிரோ உயேதா என்ற பௌதிகப் பேராசிரியர் வேடம் கிடைத்தது. பேய் பிசாசெல்லாம் விஞ்ஞானத்துக்கு முன் நில்லா என்று மார்தட்டிக்கொள்ளும் அந்தப் பேராசிரியர், சிறிது பயம் கண்டாலும் நெடுமரம் சாய்வதுபோல் மூர்ச்சித்து விழுவார். எழுந்ததும் ஒன்றுமே நடவாதவர்போல் அதே கம்பீரத்தோடு தம் சொற்பொழிவைத் தொடருவார். குறையென்று கருதப்பட்ட உயரம் இப்பொழுது ஹாஸ்யத்துக்கு மூலதனமாயிற்று. எவ்வளவு உயரத்திலிருந்து ஒருவர் விழுகிறாரோ அவ்வளவுக்குச் சிரிப்பு. 2014 வரை படங்களாகவும் தொடர்களாகவும் நீடித்த அந்தப் பாத்திரத்தில்தான், விழுவதையும் மீள்வதையும் அவர் பயின்றார். அந்தப் பயிற்சியின் பலன் ஹாஸ்யத்தோடு நின்றுவிடவில்லை. 2008இல் ஹிரோகாசு கொரேடா தமது ‘ஸ்டில் வாக்கிங்’ என்ற மென்மையான குடும்பப் படத்தில், இறந்துபோன தமையனோடு ஒப்பிடப்பட்டே வாழும் மகனின் வேடத்தை இவருக்குத் தந்தார். உள்ளுக்குள் புழுங்கும் அந்த மகனை இவர் எவ்வளவு அடக்கத்தோடு நடித்தார் என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆக, 1987இல் ஒரு சித்திரக் கதை வந்தபோது முகவெட்டை மட்டும் கொடுக்க முடிந்தவர், 2012இல் மற்றொரு சித்திரக் கதை வந்தபோது முழுக் கலையையும் கொடுக்க வல்லவராயிருந்தார். இடையில் நிகழ்ந்தது ஹாஸ்யம். ‘தெர்மே ரோமே’யில் இன்னுமொரு காட்சி. குளியலறை, கழிவறைச் சாதனங்களைப் பார்வைக்கு வைத்திருக்கும் நவீனக் கடையொன்றில் லூசியஸ் வந்து விழுகிறான். பீடத்தின் மூடி தானாகத் திறக்கிறது. எங்கிருந்தோ இசை ஒலிக்கிறது. சுவருக்குப் பின்னால் எத்தனை அடிமைகள் மறைந்திருந்து இவற்றை இயக்குகிறார்களோ என்று அவன் வியக்கிறான். அமர்ந்தபின் வெந்நீர்த் தாரை பீச்சும்போது அந்தப் பெருமுகத்தில் திகைப்பும், பின் பரவசமும், அதன்பின் தன் நாட்டின் தொழில்திறன் தோற்றுவிட்டதே என்ற ஆழ்ந்த துயரமும் தோன்றுகின்றன. இதைக் கேலியாக நடித்திருந்தால் ஆபாசமாகியிருக்கும். அந்தத் துயரம் மெய்யாயிருப்பதால், தன் தொழிலை உயிராய் நேசிக்கும் ஒரு கலைஞனின் கதையாகிவிட்டது. சுமார் 600 கோடி யென் வசூலித்த அந்தப் படத்துக்காக மூலக்கதையின் ஆசிரியைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 லட்சம் யென்தான் என்று அவரே பின்னர் தொலைக்காட்சியில் சொன்னபோது ஜப்பானில் பெரும் விவாதம் எழுந்தது. அந்த அநீதியை இங்கே குறிக்காமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

ஹாஸ்யத்திலிருந்து வந்தவர்களில் நவோட்டோ தகேனாகாவையும் நினைக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் வேடிக்கை அபிநயங்கள் செய்து பெயரெடுத்தவர் அவர். முகம் முழுவதும் சிரித்துக்கொண்டிருக்க, வாய் மட்டும் கடுங்கோபத்தோடு வைது தீர்க்கும் ஒரு வித்தையினால் நாடெங்கும் அறியப்பட்டார். ஒரே முகத்தில் இரண்டு ரசங்களை ஒரே கணத்தில் நிறுத்துகிற அந்த வித்தையே சித்திரப் பாத்திரங்களுக்கு வேண்டிய வித்தை. 1991இல் யோஷிஹாரு ட்சுகேயின் சித்திரக் கதையைத் தாமே இயக்கி நடித்து, வெனிஸ் திரைப்பட விழாவில் விமரிசகர்களின் சர்வதேசப் பரிசைப் பெற்றார். 1996இல் பொது வானொலி தொலைக்காட்சி நிறுவனமான என்.எச்.கே.யின் சரித்திரத் தொடரில் போர்த்தலைவர் ஹிதேயோஷியாகவே நடித்தார். ‘நொடாமே கன்டாபிலே’ என்ற இசைக்கதை மனிதர் நடிக்கும் தொடராக வந்தபோது, வெண்ணிறப் பொய்முடியோடு ஜெர்மானிய இசை வல்லுநராய்த் தோன்றினார். ஜெர்மானியர் வேடத்தில் ஒரு ஜப்பானியரா என்று எவரும் கேட்கவில்லை. அவர் அந்தப் பொய்முடியை அவ்வளவு மரியாதையோடு அணிந்திருந்தார்.

ஒரே சித்திர நாயகனைப் பல நாடுகள் எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் என் கட்சி இன்னும் தெளிவாகும். சுகாசா ஹோஜோ 1985 முதல் 1991 வரை எழுதி வரைந்த ‘சிட்டி ஹண்டர்’ கதையின் நாயகன் ரியோ சாயபா, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் கூலிக்குக் காவலும் துப்பும் செய்பவன். குறி தவறாத துப்பாக்கிக்காரன். ஆனால் அழகிய பெண்ணைக் கண்டால் நாணமின்றிப் பல்லிளிப்பவன். அப்போதெல்லாம் அவன் தோழி கவோரி மாபெரும் சம்மட்டியால் அவன் தலையில் போடுவாள். அவனுடைய அந்தப் பெண்பித்து எனக்கு உவப்பானதன்று. ஆனால் வீரமும் அசட்டுத்தனமும் பின்னிப் பிணைந்ததே அந்தப் பாத்திரமாதலால், ஒன்றை அறுத்தால் மற்றொன்று வாழாது. 1993இல் ஹாங்காங்கில் ஜாக்கி சான் அவ்வேடம் ஏற்றார். சண்டையையும் சிரிப்பையும் ஒன்றாக்குவதில் அவரை மிஞ்சியவர் உலகில் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் அந்தப் படம் அவரை ஒரு காட்சியில் விளையாட்டு இயந்திரத்தின் மல்லர்களாகவெல்லாம் உருமாற்றி, அசட்டுத்தனத்துக்குள் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டது. மீளும் வழியை அவருக்குத் தரவில்லை. 2011இல் கொரியத் தொலைக்காட்சி அதே பெயரில் லீ மின்-ஹோவை வைத்து ஒரு பழிவாங்கும் கதை எடுத்தது. அது வெற்றிகரமான தொடர்; ஆனால் ஹாஸ்யத்தை அகற்றியதும் நாயகனே வேறு ஆளாகிவிட்டான்.

மூன்றாவது முயற்சி பிரான்சிலிருந்து வந்தது. அங்கே இந்த அனிமே 1990 முதல் ‘நிக்கி லார்சன்’ என்ற பெயரில் சிறுவர் நிகழ்ச்சியில் ஒளிபரப்பாயிற்று. சிறுவர்களுக்கு ஒவ்வாததை மறைக்க எண்ணிய மொழிமாற்றக்காரர்கள், காதலர்கள் ஒதுங்கும் விடுதிகளையெல்லாம் சைவ உணவகங்களாக்கிவிட்டார்கள் என்பது அந்தத் தலைமுறையார் அனைவரும் அறிந்த செய்தி. அந்தச் சிறுவர்களுள் ஒருவராய் வளர்ந்த பிலிப் லாஷோ, பின்னாளில் பிரெஞ்சு ஹாஸ்யப் படங்களின் நடிகராகவும் இயக்குநராகவும் பெயர் பெற்றபின், மூல ஆசிரியர் ஹோஜோவிடம் கதையமைப்பைச் சமர்ப்பித்து, அவர் சம்மதம் பெற்று, தாமே இயக்கி நடித்து 2019இல் படத்தை வெளியிட்டார். முதலில் ஏளனம் செய்தவர்கள் படத்தைக் கண்டபின் வாயடைத்துப் போனார்கள். கதை பிறந்த ஜப்பானிலேயே அது அன்போடு வரவேற்கப்பட்டது. சிறு வயதில் நேசித்த ஒன்றை ஒரு ஹாஸ்ய நடிகர் சிரத்தையோடு அணுகினால் என்ன விளையும் என்பதற்கு அது சான்று.

நான்காவது, ஜப்பானியர்களே 2024இல் நெட்பிளிக்ஸ் வழியாக வெளியிட்டது. ரியோவாக நடித்த ரியோஹெய் சுசுகி, 2013இல் பெண்களின் உள்ளாடையை முகமூடியாக்கிக்கொண்டால் மட்டும் வீரம் பிறக்கிற ஒரு விபரீத நாயகனாக ‘ஹென்டாய் காமென்’ படத்தில் நடித்தவர், 2015இல் ‘ஓரே மொனோகதாரி’ என்ற சித்திரக் கதையின் பேருருவ மாணவனாக நடிக்க 30 கிலோ எடை ஏற்றியவர், 2018இல் என்.எச்.கே.யின் சரித்திரத் தொடரில் சாமுராய்த் தலைவர் சாய்கோ தகாமோரியாக ஓராண்டு முழுவதும் வீற்றிருந்தவர். முதல் வேடத்தைச் சிலர் அவமானமென்று நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வேடத்தில் வெட்கப்பட்டு ஒருகண் சிமிட்டியிருந்தால், சாய்கோவையும் நாம் நம்பியிருக்க மாட்டோம். ரியோ சாயபாவாக அவர் பல்லிளிப்பதும், மறுகணம் துப்பாக்கியில் குண்டு செருகும் கையின் வேகத்தில் அந்த இளிப்பு முற்றாக அழிவதும், ஒரே மனிதனின் இரு மூச்சுகளாக நமக்குத் தோன்றுகின்றன. நால்வரில் சித்திரத்தை மிக நெருங்கியவர் இவரே.

தோல்விகளை விரைந்து சொல்லிவிடலாம். 2009இல் அமெரிக்கர்கள் அகிரா தொரியாமாவின் ‘டிராகன் பால்’ கதையைப் படமாக்கினார்கள். பின்னாளில் அதன் திரைக்கதை ஆசிரியரே ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. அந்தக் கதையின் நாயகனுடைய சோன் கோகு என்ற பெயர், சீனப் புராணத்தின் வானர வீரன் சுன் வுகோங்கின் பெயரை ஜப்பானியர் உச்சரிக்கும் விதமே. அந்த வானர வீரனாக 1995இலேயே திரையில் நடித்து, சிரிக்க வைத்தும் அழவைத்தும் காட்டிய ஸ்டீபன் சாவ் இந்த அமெரிக்கப் படத்தோடு சம்பந்தப்பட்டிருந்தார். ஆனால் தயாரிப்பாளர்களுள் ஒருவராக மட்டும். ‘குங்ஃபூ ஹஸில்’ எடுத்த அந்த மகா கலைஞரை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுப் படத்தை வேறொருவர் கையில் கொடுத்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. 2021இல் வந்த ‘கவுபாய் பீபாப்’ தொடரில், 1998இல் ஷினிச்சிரோ வதனாபே படைத்த அனிமேயின் நாயகனாக நடித்தவர் ஜான் சோ. இளைஞர்களுக்கான ஹாஸ்யப் படங்களில் தொடங்கி, பிறகு ‘கொலம்பஸ்’ போன்ற அமைதியான படங்களிலும் சிறந்தவர். படப்பிடிப்பில் முழங்கால் அடிபட்டு, பல மாதங்கள் காத்திருந்து, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபின் சண்டைக்காட்சிகளைச் செய்தவர். அவரைத் தேர்ந்தது சரியே. எழுதியவர்கள் அவருக்கு மௌனத்தைத் தராமல் பேச்சை அள்ளிக் கொட்டினார்கள். ஹாஸ்யம் மௌனத்தில் பிறப்பதென்பதை மறந்தார்கள். வெளிவந்து மூன்று வாரம் ஆகுமுன்பே தொடர் நிறுத்தப்பட்டது.

ஹாஸ்ய நடிகர்களை நிரப்பினால் போதும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். 2017இல் யுவிச்சி ஃபுகுடா இயக்கிய ‘கின்டாமா’ பெருவெற்றி பெற்ற படம். அதில் ட்சுயோஷி முரோ, ஜிரோ சாதோ முதலிய வல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த இயக்குநரின் படங்களில் அவர்கள் தோன்றும்போதெல்லாம் கதை நின்றுவிடுகிறது. அவர்கள் அப்போதைக்குத் தோன்றியதைப் பேசி விளையாட, உடன் நடிப்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதைக் காமிரா காட்டுகிறது. ஊறுகாயை இலை நிறையப் பரிமாறுவது போன்றது இது. அதே ஜிரோ சாதோ, காணாமற்போன ஒரு தந்தையாக ‘சகாசு’ என்ற படத்தில் நடித்ததைப் பார்த்தவர்கள், இத்தனை ஆழமுள்ள மனிதரை இவ்வளவு காலம் துணுக்குக்காக மட்டும் பயன்படுத்தினோமே என்று வருந்தியே தீருவார்கள். ஹாஸ்ய நடிகர் கதையின் நடுவே நிற்க வேண்டும். ஓரத்தில் நின்று இடையிடையே தலைகாட்டுவதற்கு அவர் எதற்கு?

பரிசு கொடுப்பவர்களிடமும் இந்தக் குறை உண்டு. மூன்று மணி நேரம் கண்ணீர் விட்டவருக்குப் பிரதான பரிசு, அந்த மூன்று மணி நேரத்தைத் தாங்கும்படி செய்த ஹாஸ்யக்காரருக்குத் துணைநடிகர் பரிசு என்று ஏதோ சாஸ்திரம் விதித்ததுபோல் எல்லா நாடுகளிலும் நடந்து வருகிறது. தகேனாகாவின் அலமாரியிலும் இருப்பவை பெரும்பாலும் துணைநடிகர் பரிசுகளே. ஆகவேதான் ஒரு விதிவிலக்கை மகிழ்ச்சியோடு குறிக்கிறேன். 2013இல் ஜப்பான் அகாதமி தனது 36ஆம் பரிசளிப்பு விழாவில், ஆண்டின் சிறந்த கதாநாயக நடிகருக்குரிய பரிசை ஹிரோஷி அபேக்கு வழங்கியது. அவர் அதைப் பெற்றது, இடுப்பில் துண்டோடு பழப்பால் குடித்து வியந்து நின்ற லூசியஸ் வேடத்துக்காக.